மஞ்சக்குப்பத்தில் ஆறு ஞாயிறு: அருட்பா விமர்சன வகுப்பு எப்படி இருந்தது?

முதலில் விவரம். கட்டணம் 1,200 ரூபாய், ஜெராக்ஸ் தாள்கள் அதில் அடக்கம். ஆறு ஞாயிறு, காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை. இடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடி, தகரக் கூரை. மொத்தம் 23 பேர். வள்ளலார் என்கிற இராமலிங்கர் பாடிய திருவருட்பாவையும் அதைக் குறை சொன்னவர்களையும் சேர்த்துப் படிப்பது என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். குறைகளையும் சொல்லப்போவதால் நடத்துபவர்கள் பெயரை நான் எழுதவில்லை. மைதானத்துப் பக்கம் நோட்டீஸைப் பார்த்தவர்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும். அடுத்த சுற்றும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கடலூரில் 18 வருடமாக வக்கீல் குமாஸ்தா. தமிழ் இலக்கியத்தை முறையாகப் படித்தவன் இல்லை. வள்ளலார் என்றால் பள்ளியில் வாடிய பயிர் பாட்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி, அப்புறம் தைப்பூசத்துக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வடலூர் போய் ஏழு திரையும் விலகும்வரை கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றது, தருமசாலையில் சாப்பிட்டுவிட்டு அணையா அடுப்பை எட்டிப் பார்த்தது, இவ்வளவுதான். அந்தப் பாட்டுகளைப் போலி என்று ஒருவர் அச்சடித்து வெளியிட்டார், அது முற்றி நம்ம மஞ்சக்குப்பம் கோர்ட்டிலேயே 1869ல் வழக்காக வந்து நின்றது என்று சீனியர் வக்கீல் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு 40 வயது. தினமும் நான் கட்டு தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது! நோட்டீஸைப் பார்த்த அன்றே பணம் கட்டியதற்கு அதுதான் காரணம்.

முதல் வகுப்பில் சாமி படம் இல்லை, விளக்கு இல்லை, வரவேற்புரை இல்லை. ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர்தான் நடத்துகிறார், நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வந்தவுடன் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினார். 1822 டிசம்பர், யாழ்ப்பாணம் நல்லூர். 1823 அக்டோபர், சிதம்பரத்துக்குப் பக்கம் மருதூர். முதலாவது ஆறுமுக நாவலர், இரண்டாவது இராமலிங்கர். பத்து மாதம்தான் இடைவெளி. "இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டிய பையன்கள் என்று நினைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்" என்றார்.

அது எவ்வளவு நல்ல தொடக்கம் என்று மூன்றாவது வாரம்தான் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் எங்கள் பக்கம் நாவலர் என்றாலே வள்ளலாரை வம்புக்கு இழுத்த ஆள் என்றுதான் பேச்சு. அவர் தமிழ் உரைநடைக்கு என்ன செய்தார், ஏட்டில் கிடந்த நூல்களை எப்படிப் பிழை பார்த்து அச்சுக்குக் கொண்டுவந்தார், 1864ல் சிதம்பரத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார் என்பதையெல்லாம் முதல் ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் சண்டைக்கே வந்தார் ஐயா. எதிர்த்தரப்பின் யோக்கியதையை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டு வாதத்தைத் தொடங்குகிற வக்கீல்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். இவரையும் அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

சண்டை என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1867ல் இராமலிங்கரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் அவர் பாடல்கள் நூலாக வந்தன. முதல் நான்கு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் திருமுறை. நூலுக்குப் பெயர் திருவருட்பா. பாடியவருக்குப் பெயர் திருவருட்பிரகாச வள்ளலார். இந்த மூன்று பெயர்தான் நாவலரைச் சீண்டியது. தேவாரம், திருவாசகம் தொடங்கி பெரியபுராணம் வரை பன்னிரண்டு திருமுறை என்று கட்டி முடித்து வைத்திருக்கிற சைவர்களுக்கு, நம் காலத்தில் நம்மோடு உயிரோடு நடமாடுகிற ஒருவர் பாட்டையும் அதே பெயரில் அச்சடித்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பரம்பரை பட்டா நிலத்துக்கு அதே சர்வே நம்பரில் இன்னொருவர் பத்திரம் பதிந்த மாதிரி. போலியருட்பா மறுப்பு என்று கண்டனம் வந்தது. பாடியவர் என்னவோ தன் பெயரோடு சாமி என்று சேர்ப்பதுகூட ஆரவாரம், அது தனக்குச் சம்மதம் இல்லை என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியவர்.

அந்தக் கண்டனத்திலிருந்தும் அதற்கு வந்த மறுப்புகளிலிருந்தும் பகுதி பகுதியாக ஜெராக்ஸ் கொடுத்தார்கள். நான் பிராது படிக்கிற பழக்கத்தில் படித்தேன். பிராதில் முதலில் நான் பார்ப்பது கடைசிப் பக்கம்தான், அதாவது வாதி என்ன பரிகாரம் கேட்கிறார் என்பது. இங்கே கேட்கிற பரிகாரம் முக்கால்வாசி பெயரைப் பற்றியது. அருட்பா என்று சொல்லாதே, திருமுறை என்று சொல்லாதே, வள்ளலார் என்று சொல்லாதே, அற்புதம் செய்தார் என்று சொல்லாதே. பாட்டு பாட்டாக எப்படி இருக்கிறது என்ற கேள்வி ஓரமாகத்தான் வருகிறது. மறுப்பு எழுதியவர்களும் அதே தடத்தில்தான் பதில் சொல்கிறார்கள், "இது அருட்பாதான், நீ யார் கேட்க" என்று. இரண்டு பக்கமும் ஏகப்பட்ட வசவு. அரிய கவிஞர் ஒருவரைப் பற்றி இவ்வளவு காகிதம் செலவாகியிருக்கிறது, அதில் கவிதையைப் பற்றிக் கையளவுதான் தேறுகிறது என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

இரண்டாவது ஞாயிறு முழுக்க அந்த 1869 வழக்கு. நான் மிகவும் எதிர்பார்த்துப் போன நாள். சிதம்பரம் கோயிலில் நடந்த பேச்சு, நாவலர் என்ற பட்டத்தைப் பிரித்துப் பொருள் சொல்லிக் கேலி செய்தது, நாவலருக்கும் தீட்சிதர்களுக்கும் ஏற்கெனவே இருந்த பிணக்கு எல்லாம் வந்தது. ஊரில் எல்லாரும் சொல்கிற கதையும் வந்தது. இராமலிங்கர் உள்ளே நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றாராம், நீயே மரியாதை கொடுக்கிற ஆள் மேல் எதற்கு வழக்கு என்று நீதிபதி கேட்டாராம். வகுப்பில் பாதிப் பேர் அதைக் கேட்டுக் கைதட்டினார்கள். ஐயா தட்டவில்லை. "கேட்க நன்றாக இருக்கிறது, இதை வைத்து ஒரு பாட்டுக்குக்கூட நம்மால் பொருள் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தாலும் அவர் சொன்னது சரி.

மூன்றாவது ஞாயிறுதான் மோசம். விருந்தினராக ஒருவரை அழைத்திருந்தார்கள். தலைப்பு 20ஆம் நூற்றாண்டில் இந்தச் சண்டை என்ன ஆனது என்பது. எவ்வளவு அருமையான விஷயம் அது! நாவலர் காலமானதற்கு அப்புறம் நாவலர் கட்சிப் புலவர் கதிரைவேற்பிள்ளை மறுபடியும் கிளப்புகிறார். அவரை எதிர்த்து நிற்கிறவர்களில் ஒருவர் மறைமலையடிகள், இன்னொருவர் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். ஒரு முஸ்லிம் புலவர், இராமலிங்கர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறைந்த அதே 1874ல் பிறந்தவர், சைவர்களுக்குள் நடக்கிற சண்டையில் அருட்பாவுக்காக மேடை ஏறுகிறார். கதிரைவேற்பிள்ளையின் மாணவரான திரு.வி.க.வோ ஆசிரியர் கட்சியில் தொடங்கிப் பின்னாளில் இராமலிங்கரைக் கொண்டாடி எழுதுகிறார். ஒரு மாணவர் மனம் எப்படி மாறியது, எந்தப் பாட்டு மாற்றியது என்று கேட்க எனக்கு வாய் ஊறியது. வந்தவர் அதில் எதையும் சொல்லவில்லை. உலகமே வியக்கிறது, விஞ்ஞானமே தலைவணங்குகிறது என்று ஒன்றே முக்கால் மணி நேரம் மைக் பிடித்தார். விமர்சனத்தைப் படிக்கப் பணம் கட்டி வந்த 23 பேருக்குப் புகழுரை எதற்கு? இதை நடத்துபவர்களிடமும் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

ஆக மூன்று வாரம் போயிற்று, பாட்டு ஒன்றுகூட வரி வரியாகப் படிக்கவில்லை. பாட்டை விட்டுவிட்டுப் பெயருக்கு அடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பே தன் பாதி நேரத்தை அந்தச் சண்டைக்குக் கொடுத்துவிட்டது. இதுதான் இந்த வகுப்பின் பெரிய குறை. சண்டைக்கு ஒரு வாரம், மிஞ்சினால் ஒன்றரை, அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவது ஞாயிறுக்கு வருகிறேன். அந்த ஒரு நாளுக்கே 1,200 ரூபாய் தகும்.

மே மாதம். தகரக் கூரை. 11 மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐயா இரண்டு பாட்டை அடுத்தடுத்து எழுதிப் போட்டார். ஒன்று அப்பர்.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

சுண்ணாம்புக் காளவாயில் அடைத்து வைத்தபோது பாடியது என்பார்கள். அதே அப்பர் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் மிதந்து வந்து கரையேறினார் என்கிற ஊர் நம்ம திருப்பாப்புலியூர், கெடிலத்துக்கு அந்தப் பக்கம். இன்னொன்று இராமலிங்கர், ஆறாம் திருமுறையில் அருள்விளக்க மாலை.

கோடையிலே இளைப்பாற்றிக் கொள்ளும்வகை கிடைத்த
குளிர்தருவே தருநிழலே நிழல்கனிந்த கனியே
ஓடையிலே ஊறுகின்ற தீஞ்சுவைத்தண் ணீரே
உகந்ததண்ணீர் இடைமலர்ந்த சுகந்தமண மலரே
மேடையிலே வீசுகின்ற மெல்லியபூங் காற்றே
மென்காற்றில் விளைசுகமே சுகத்திலுறும் பயனே
ஆடையிலே எனைமணந்த மணவாளா பொதுவில்
ஆடுகின்ற அரசேஎன் அலங்கல்அணிந் தருளே

இராமலிங்கர் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டு ஒன்று, அவரிடம் சொந்தச் சரக்கு குறைவு, தேவாரத்தையும் திருவாசகத்தையும் ஊறவைத்து மறுபடி அரைத்துக் கொடுக்கிறார் என்பது. ஐயா அதை மழுப்பவில்லை. நிழல், தென்றல், தண்ணீர் எல்லாம் அப்பரிடம் முன்பே இருக்கிறது, பாருங்கள் என்றார். பார்த்தோம். இருக்கிறது. ஒரு பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், "அப்ப காப்பிதானே ஐயா" என்றான். சிரிப்பு. ஐயா சிரிக்கவில்லை. "அப்பர் பாட்டில் போன்றதே என்ற சொல் எங்கே இருக்கிறது, அதே சொல்லை இந்தப் பாட்டில் தேடு" என்றார்.

தேடினோம். இல்லை.

அதற்கு மேல் அவர் விளக்கியதை நான் என் வார்த்தையில் சொல்கிறேன். அப்பர் ஐந்து சுகத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார், வீணை தனி, நிலா தனி, தென்றல் தனி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவு இல்லை. எல்லாம் சேர்ந்து கடைசியில் இருக்கிற நிழலுக்கு உவமை. இராமலிங்கரிடம் நிழல் கடைசியில் வருவதில்லை, தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மரம், மரத்தில் பிறந்த நிழல், நிழலில் கனிந்த கனி. தண்ணீர், தண்ணீரில் மலர்ந்த பூ. காற்று, காற்றில் விளைந்த சுகம், சுகத்தில் உள்ள பயன். மூன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் முன்னதன் வயிற்றில் பிறக்கிறது. உவமை என்று தள்ளி நிற்கவே இல்லை, நேராகக் கூப்பிடுகிறார். நிழல்கனிந்த கனி என்ற இடத்தில் ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நிழலில் கனிந்த கனியா, நிழலே முற்றிக் கனியாகிவிட்டதா? இரண்டும் சரி என்றார். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த இரண்டாவது பொருள் நாக்கில் பட்டது, நிஜமாகவே. நிழலைக் கடித்துச் சாப்பிடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது என்றால் அவர் கோடையில் நிறைய நடந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அதே பாட்டை வைத்துக் குறையும் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. கோடை, ஓடை, மேடை, ஆடை. எதுகை. மரபுக் கவிஞரை எதுகை சில சமயம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கோடையும் ஓடையும் பொருளோடு வந்தவை, மேடையும் ஆடையும் ஓசைக்காக வந்தவையா என்று கேட்டார். மேடை என்றால் மாடி நிலா முற்றம், காற்று வாங்குகிற இடம், அது பொருந்துகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று வந்து தாள்களைப் பறக்கடித்தது. ஆடையிலே என்பதுதான் சிக்கியது. உடுத்தும் ஆடையா, விளையாடுகிற பருவத்திலேயே என்னை மணந்தவனே என்று பொருளா? விளையாட்டுப் பருவம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பொருள் என்றார். ஆனாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நெருக்கித்தான் அந்தப் பொருளை வாங்க வேண்டியிருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். அரை மணி நேரம் இதே வாதம். டீ ஆறிப்போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாவது வாரம் குறைகளுக்கு மட்டும். முதல் குறை, கூறியது கூறல். அருள்விளக்க மாலையில் 100 பாட்டு, முடிப்பில் திரும்பத் திரும்ப என் பாமாலையை ஏற்றுக்கொள் என்கிற அதே வேண்டுதல். வீட்டில் ஒரே மூச்சில் படிக்க முயன்றேன், 30க்கு மேல் கண் ஓடுகிறது, மனசு நின்றுவிடுகிறது. இதை நானும் குறை என்றே சொல்வேன். இரண்டாவது, தன்னைத் தானே நாயினும் கடையேன் என்று திட்டிக்கொள்கிற பாட்டுகள். செய்யாத பாவத்தையெல்லாம் செய்ததாகப் பாடுவது அடியார் மரபு, சரி, ஆனால் அவ்வளவு எண்ணிக்கையில் வரும்போது அந்தக் கண்ணீர் பழக்கக் கண்ணீராகிவிடாதா? மூன்றாவதுதான் வகுப்பைப் பிளந்தது. முதல் திருமுறையில் நெஞ்சறிவுறுத்தலில் பெண்ணின் உடம்பை உறுப்பு உறுப்பாக இழித்துச் சொல்கிற பகுதி. பட்டினத்தார் காலத்திலிருந்து வருகிற வழக்கம்தான். உயிர் எல்லாம் ஒன்று என்று பின்னாளில் சொன்ன அதே வாயா இது என்று ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அப்போது எழுந்தார் ஓர் அம்மா. குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர், வெள்ளைப் புடவை, 70 வயது இருக்கும், வெள்ளைத் துணியில் சுற்றிய சின்ன அருட்பாப் புத்தகம் எப்போதும் மடியில் இருக்கும். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "சாமி பாட்டுல தப்பு கண்டுபிடிக்கவா ஐயா காசு கட்டி வந்தோம்" என்றார். குரல் நடுங்கியது. யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். "தப்பு கண்டுபிடித்தவர் நாங்கள் இல்லை அம்மா, சாமியேதான்" என்று சொல்லிப் பேருபதேசத்தை எடுத்தார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிய நாளில் பேசியது, அவர் கதவைச் சாத்திக்கொள்வதற்கு மூன்று மாதம் முன்பு. அதில் அவரே சொல்கிறார், முன்பு சைவத்தில் தனக்கு இருந்த பற்று இவ்வளவு அவ்வளவு இல்லை, அதற்குத் தான் பாடிய தோத்திரங்களே சாட்சி, அந்தப் பற்று இப்போது எங்கே போயிற்று பார்த்தீர்களா, அப்போது தனக்கு இருந்தது அற்ப அறிவு என்று. சைவம், வைணவம், வேதாந்தம், சித்தாந்தம் எதிலும் லட்சியம் வைக்காதீர்கள் என்று. ஐயா நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோர்ட்டில் இதை எதிரி ஒப்புதல் என்போம், ஆனால் இது தோற்றவர் கொடுத்த ஒப்புதல் இல்லை. எந்தப் பாட்டை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்று இரண்டு கட்சியும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டினார்களோ, அதே பாட்டில் பெரும்பகுதியைத் தன் சிறு வயது அறிவு என்று பாடியவரே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாவலர்கூட இவ்வளவு கடுமையாக எழுதவில்லை. இதை முதல் வாரமே வாசித்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்த்திருப்போம். ஏன் ஐந்தாவது வாரம்வரை வைத்திருந்தார்கள் என்று இன்னும் எனக்கு ஆதங்கம்தான். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், நெஞ்சறிவுறுத்தலில் அந்த இடத்தில் ஒரு வெற்றிலைக் காம்பு வைத்து அடையாளம் செய்திருந்தார்.

கடைசி வாரம் அவசரம். பதிப்புகளைப் பற்றிப் பேச 40 நிமிடம்தான் கிடைத்தது, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பல வருடம் உழைத்துப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்த பதிப்பு ஒன்று, ஊரன் அடிகள் 1972ல் கால வரிசைப்படுத்திக் கொடுத்த பதிப்பு ஒன்று, ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரை ஒன்று. எந்தப் பதிப்பைக் கையில் எடுக்கிறோமோ அதைப் பொறுத்து விமர்சனமே மாறிவிடும் என்றார் ஐயா. கலந்து கிடந்தால் முன்னுக்குப் பின் முரண் என்று தோன்றும். வயது வரிசையில் படித்தால் சென்னைக் கந்தகோட்டத்தில் முருகனைப் பாடிய பையன் மேட்டுக்குப்பத்துக்கு நடந்து வந்த வழி தெரியும். இதைப் படமாகப் போட்டு ஒரு தாள் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீதி நேரம் மரபை விட்டு அவர் வெளியே வந்த இடங்கள். விருத்தமும் வெண்பாவும் எழுதிய அதே கை, பெண்கள் சேர்ந்து பாடுகிற மெட்டில் ஆணிப் பொன்னம்பலக் காட்சி எழுதியிருக்கிறது. நல்ல மருந்திம் மருந்து என்று பாட்டு இருக்கிறதே, அதை எங்கள் அம்மா மாவு சலிக்கும்போது பாடுவார், சல்லடையின் தட்டுக்கு அந்த மருந்து என்ற சொல் சரியாக வந்து விழும். அது திருவருட்பா என்றே எனக்கு அந்த வகுப்பில்தான் தெரியும். கூறியது கூறல் என்று முந்தின வாரம் நான் குறை சொன்னேனே, இந்தப் பாட்டில் அதே திரும்பத் திரும்ப வருதல்தான் பாட்டின் உயிர். வாய்விட்டுப் பாடுகிறவருக்குக் கூறியது கூறல் குற்றமாகத் தெரியாது, கண்ணால் படிக்கிறவருக்குத்தான் தெரியும். அதற்காக 100 விருத்தத்தையும் மன்னித்துவிட நான் தயாரில்லை. பாரதிக்கு வழி போட்டவர் என்று பலர் சொல்வதை ஐயா இந்தப் பாட்டுகளை வைத்துத்தான் ஏற்கிறார், மாலைகளை வைத்து இல்லை. நானும் அப்படித்தான்.

இனி நடைமுறைக் குறைகள். ஜெராக்ஸ் படு மோசம். இடது ஓரம் எழுத்து வெட்டுப்பட்டு, கண்டனத் தாள்களில் பாதி வரிக்குத் தலை இல்லை. கோர்ட் நகலை இப்படிக் கொடுத்தால் திருப்பி முகத்தில் எறிவார்கள். கூரை மின்விசிறி இரண்டு, ஒன்று சத்தம் மட்டும் போடும். பின்வரிசைக்கு ஐயா குரல் எட்டாது, மைக் விருந்தினர் வந்த அன்று மட்டும்தான் வந்தது. மாடிப்படியில் கைப்பிடி இல்லை, அந்த குறிஞ்சிப்பாடி அம்மாவை ஒவ்வொரு வாரமும் இரண்டு பேர் பிடித்து ஏற்றினோம். டீ நன்றாக இருந்தது, சுண்டலும். பணம் கட்டியதற்கு ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

யார் சேரலாம்? யாப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை, எனக்கும் சீர் பிரிக்கத் தெரியாது, நான்காவது வாரம் ஓரளவு வந்தது. பக்தியோடு வருகிறவர்கள் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாருங்கள். வள்ளலாரைத் திட்டிக் கேட்கலாம் என்று வருகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். ஆறாவது வாரம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பாலிடெக்னிக் பையன் ஐயாவிடம் போய், அப்பர் பாட்டு முழுசும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

புதுச்சேரியிலிருந்து வருகிறவர்கள் 9 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், ஞாயிறு காலை அரியாங்குப்பத்தில் நிற்கும். முதல் வரிசை நாற்காலி, தண்ணீர் பாட்டில், ஒரு விசிறி. ஜெராக்ஸில் வெட்டுப்பட்ட எழுத்துகளை ஐயாவின் மூலப் பிரதியைப் பார்த்து என் தாள்களில் பேனாவால் எழுதி நிரப்பி வைத்திருக்கிறேன், மொத்தம் 64 பக்கம். சேருகிறவர்கள் கேளுங்கள், கோர்ட் விடுமுறை நாளில் கொண்டுவந்து தருகிறேன், நகல் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும்.